சுமைதாங்கித் தொண்டர்

பழைய கோட்டை, இடிந்த மண்டபம், ராஜா குளித்த குளம், ராணி அழுத மாடம் என்று எதையாவது பார்க்கப் புறப்படும் வாசகர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே பாம்பு இருக்கலாம். குளவிக்கூடு இருக்கலாம். எப்போது தலையில் விழலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் உத்தரம் இருக்கலாம். அவற்றிடமிருந்தெல்லாம் ஓடித் தப்பிக்கலாம். ஓடியும் தப்ப முடியாத ஜீவன் ஒன்று அங்கே உண்டு. வந்தவர்களுக்கு உதவி செய்யவே பிறந்த தொண்டர் அவர்.

அவருக்குச் சம்பளம் கிடையாது. யாரும் அவரை நியமிக்கவில்லை. ஆகையால் யாரும் அவரை நீக்கவும் முடியாது. சட்டைப் பையின் மேல் ஒரு நாடாத் துண்டைக் குத்திக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் குச்சியோடு வாசலில் நிற்பார். நீங்கள் பஸ்ஸிலிருந்து ஒரு காலை இறக்கி மறு காலையும் இறக்குவதற்குள் உங்கள் குடை அவர் கைக்குப் போய்விடும். குடை போன பிறகு நீங்கள் எங்கே போவீர்கள்? பின்னாலேயே போக வேண்டியதுதான். அவர் நில் என்றால் நிற்பீர்கள், பார் என்றால் பார்ப்பீர்கள், அவர் சொல்லாத இடத்தில் நீங்களாகவே ஒரு தூணைப் பார்த்துவிட்டால், அவசரப்பட்டுப் பந்தியில் பாயசத்தை முதலில் குடித்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார்.

கேள்வி கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். நான் ஒருமுறை கேட்டேன்.

"குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும்?"

"தண்ணியா? நல்ல கேள்வி. இந்தக் கிணறு இருக்கே, ராஜாவுக்க குதிரைக்குத் தண்ணி காட்டின கிணறாக்கும்."

"இதில் குடிக்கலாமா?"

"சேச்சே! சரித்திரத்துக்குள்ள வாளி போடப்பிடாது."

குதிரைக்குக் கிடைத்த தண்ணீர் எனக்குக் கிடைக்கவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குப் போகலாம் என்றால் குடை அவரிடம் இருந்தது.

இவ்வளவும் இந்த இனத்தின் பொதுக் குணங்கள். எங்கள் பக்கத்தில் இந்த இனம் சமீபகாலமாகப் பெருத்துவிட்டது. காரணம் உங்களுக்கே தெரியும். திருவனந்தபுரத்தின் கீழிருக்கும் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டம்; ஒரு பிடி மண்ணைக்கூட விடமாட்டோம் என்று இன்னொரு கூட்டம்; எல்லையை எங்கே போடுவது என்று விசாரிக்கப் பெரியவர்கள் வரப்போகிறார்கள் என்று தினமும் ஒரு வதந்தி. எந்த ஊரில் பழைய கல் கிடந்தாலும் அது எங்கள் அத்தாட்சி என்று உடனே கம்பி வேலி, வேலிக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு தொண்டர். இதற்கு முன்னால் அந்தக் கல்லின் மேல் ஆடு படுத்திருந்தது. ஆட்டுக்கு மட்டும் அது எந்த மொழிக் கல் என்று இன்றுவரை தெரியாது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பழைய பாதை ஓரமாக எங்களுக்கும் அப்படியொரு சரித்திரப் பூங்கா கிடைத்தது. அதில் வழிப்போக்கர் தங்கிய, இப்போது கூரை போன ஒரு வழியம்பலம், முன்பே சொன்ன குதிரைக் கிணறு, இடுப்பளவு மண்சுவர், ஒரு சுமைதாங்கி, ஐந்தாறு செம்பருத்திச் செடி. செம்பருத்தி மட்டும் புதிது. வாசலில் பூங்காவின் பெயரை இரண்டு மொழியில் எழுதிப் பலகை வைத்தார்கள். ஒரு தரப்பு வந்து ஒரு மொழியின் மேல் தார் பூசியது. மறு தரப்பு வந்து மறு மொழியின் மேல் பூசியது. பலகை இப்போது நன்றாகத் தார் பூசிய பலகையாக நிற்கிறது, மழைக்கு உளுக்காது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு வாய் வேண்டாமா?

அந்த வாய்தான் சுயம்பு.

சுயம்புவின் தம்பி கொப்பரைக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். சுயம்பு நாட்டைப் பார்த்துக்கொள்கிறார். மேடையில் ஏறினால் அவர் முழுத் தமிழர். மைக் சூடாகிப் போகும்வரை இறங்கமாட்டார். பூங்காவுக்குள் நுழைந்தால் மட்டும் அவருடைய தேசாபிமானம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவர்களும் கை தட்டத்தானே செய்கிறார்கள்?

அவருடைய உயிர் அந்தச் சுமைதாங்கியில் இருந்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லை ஆள் தோள் உயரத்தில் கிடத்தியிருப்பார்கள். தலையில் பாரத்தோடு தனியாக நடக்கிறவர்கள் அதில் சாய்த்து இறக்கி வைக்கலாம். இளைப்பாறிய பிறகு தாமே தலையைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போகலாம். அடுத்த ஆளைக் கெஞ்ச வேண்டாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இப்படி ஒரு கல்லை நடுவது நம் பக்கத்து வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை ஊரார் இறக்கி வைக்கட்டும் என்று.

இந்தக் கதையை சுயம்பு சொல்லிக் கேட்க வேண்டும். ஐயோ, அந்தக் கண்ணீர்! தொடர்கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அழுகையின் தரம் தெரியும். இது முதல் தரம். குரல் முதலில் தழுதழுக்கும், பிறகு உடையும், பிறகு ஒன்றுமே வராமல் உதடு மட்டும் துடிக்கும், அந்த நேரம் பார்த்து ஒரு துளி மூக்கின் ஓரமாக இறங்கும். நாகர்கோவில் பக்கத்துக் கூட்டம் வந்திருந்தால் கதையில் வரும் அந்தக் கர்ப்பிணி "அம்மா!" என்று கத்திச் சாவாள். திருவனந்தபுரம் கூட்டம் வந்திருந்தால் "அம்மே!" என்று சாவாள். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் பாவம், பேசாமலே செத்துப்போவாள்.

இப்படிப்பட்ட அருமையான கல்லைச் சும்மா விடலாமா? சுயம்பு அதைச் சுற்றி நாலு குச்சி நட்டுத் தென்னங்கயிறு கட்டினார். அதில் யாரும் சுமையை வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். தேய்ந்து போகுமாம்!

கயிறு கட்டிய மறுநாளே ரெபேக்காள் வந்து நின்றாள். காரோடு ஊர்க்காரி. பெரிய ஓலைக் கடவம் நிறைய மரச்சீனிக் கிழங்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு நடக்கிறவள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"அண்ணாச்சி, கயித்தக் கொஞ்சம் தாத்தும். எறக்கி வச்சு இளைப்பாறிட்டுப் போறேன்."

"தொடப்பிடாது பிள்ளே. இது சரித்திரச் சின்னமாக்கும்."

"எனக்க மாமியாரும் இதிலதான் வச்சா. கல்யாணம் கழிஞ்சதுல இருந்து நானும் இதிலதான் வைக்கியேன்."

"அதாக்கும் கொழப்பம். ஆளாளுக்கு வச்சு வச்சுக் கல்லு தேஞ்சு போச்சு. பாக்க வாறவியளுக்கு நான் என்னத்தக் காட்ட?"

"பின்ன இத என்னத்துக்கு நாட்டினாவ?"

"அத ஞாயித்துக்கெழம வா, வெளக்கமாச் சொல்லுகேன்."

எதிர்க் கடையில் ராஜப்பன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை வாதத்தில் விழுந்துவிட்டதால் மற்றொரு கையாலேயே ஆற்றுகிறவர். கடவத்தை இறக்க அது போதாது. நாக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும்.

"ஓய் சுயம்பு! சுமைதாங்கிக்கு லீவு குடுத்தாச்சா?"

"சரித்திரம் தெரியாதவிய பேசப்பிடாது!"

"சரித்திரம் எனக்குத் தெரியாது வே. அந்தப் பிள்ளைக்க கழுத்து நடுங்குகது தெரியுது."

ரெபேக்காள் இன்னும் இறங்கிய குரலில் கேட்டுப் பார்த்தாள். "அண்ணாச்சி, மொதப் பிள்ள எனக்குத் தங்கல்ல. சொமக்கப்பிடாதுண்ணு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னா. சொமக்காட்டா திங்க என்ன உண்டுண்ணு கேட்டேன். அப்பம் எடையில எடையில எறக்கி வச்சாவது நட, இல்லேண்ணா இதும் தங்காதுண்ணு சொல்லிட்டா. வழியில தனியா எறக்க எனக்கு இந்த ஒரு கல்லுதான் உண்டு."

எந்த மனிதனும் கயிற்றை அவிழ்த்திருப்பான். தொண்டர் அவிழ்க்க மாட்டார். அவருக்கு ஒரு கொள்கை இருக்கிறதே!

"உனக்க மாப்பிள்ள ஈசாக்கு யாரு? தியாகி! எல்லைக்காக ஜெயில்ல கெடக்கான். அவனுக்க பெண்டாட்டி ஒரு கயித்துக்காகச் சண்ட போடலாமா?"

"நீரு மைக்கில கத்தின கத்துக்காக்கும் அவரு உள்ள கெடக்காரு. போலீசு வந்த அண்ணைக்கு நீரு காய்ச்சல்ண்ணு பொதச்சு மூடிக் கெடந்தீரு."

சுயம்புவுக்குச் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியது சட்டென்று ஞாபகம் வந்தது. ரெபேக்காள் இறக்காமலே நடந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு நடந்தாள். வேலியைப் பிடிக்கக்கூடாது என்று சுயம்பு அன்பாகவே எடுத்துச் சொன்னார்.

வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. நாகர்கோவிலிலிருந்து ஒரு வக்கீல் தலைமையில் ஒரு வண்டி ஆட்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு டீச்சரம்மா தலைமையில் இன்னொரு வண்டி ஆட்கள். இரண்டும் ஒரே நேரத்தில். வந்து இறங்கியதுமே வக்கீல் கல்லைத் தட்டிப் பார்த்து, இது தமிழன் உளி என்றார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது ஞங்ஙளுடெ கல்லாணு" என்று தங்கள் கல்லாக்கினார். செத்துப்போன பெண் தங்கள் பெண் என்று இருவரும் சொன்னார்கள். உரிமை கொண்டாட எத்தனை பேர்! அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது ஒருவரையும் காணோம்.

சுயம்பு கண்ணை மூடிக் கதையைத் தொடங்கினார். பாரத்தோடு அவள் நடக்கிறாள். வெயில். எதிரே வந்த செட்டியாரிடம் ஒரு கை பிடிக்கச் சொல்கிறாள், அவருக்கு அவசரம். குதிரைக்காரனிடம் கேட்கிறாள், குதிரைக்கு அவசரம். கதை கேட்டவர்கள் விம்மத் தொடங்கினார்கள். டீச்சரின் கைக்குட்டை நனைந்துவிட்டது. வக்கீல் மூக்கை உறிஞ்சினார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சி, கயித்த அவுத்துத் தாரும். கண்ண இருட்டிட்டு வருது."

"ஷ்ஷ்! கொஞ்சம் பொறு பிள்ளே. இப்பம் செத்திருவா."

"அவளுக்கு முந்தி நான் செத்திருவேன் போல இருக்கு."

வக்கீல் திரும்பி, "சத்தம் போடாதம்மா, உருக்கமான கட்டம்" என்றார். டீச்சர் ஈரக் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றியபடியே, "ஒரு மினிட்டு நில்லு மோளே" என்றார். நல்ல மனசுக்காரி, திட்டவில்லை. இருபது பேர் அங்கே இருந்தார்கள். இருபது பேர் கண்ணும் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணுக்கு எதிரே நிற்கிற ஆள் தெரிவதில்லையே, என்ன செய்ய?

"ஒரு கை!" என்று உடைந்த குரலில் முழங்கினார் சுயம்பு. "ஒரே ஒரு கை அன்னைக்கு நீண்டிருந்தால்!" மூடிய கண் மூடியபடி இருக்க, இரண்டு கைகளையும் கூட்டத்தை நோக்கி நீட்டினார்.

நீண்ட கைகள். ஏறக்குறைய தோள் உயரம்.

ரெபேக்காள் யோசிக்கவில்லை. நேராக வந்து, கழுத்தைச் சாய்த்து, கடவத்தை அந்தக் கைகளில் இறக்கி வைத்தாள்.

சுயம்பு கண்ணைத் திறந்தார். முகத்துக்கு நேரே மண் ஒட்டிய மரச்சீனிக் கிழங்கு. முழங்கால் ஒருதரம் மடிந்து நிமிர்ந்தது. கைகளால் தாங்க முடியாமல் கடவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கூட்டம் பலமாகக் கை தட்டியது.

"பிரமாதம்! நடிச்சே காட்டிட்டாரு!" என்றார் வக்கீல்.

"யாராவது... ஒரு கை பிடியுங்க!" என்றார் சுயம்பு.

அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் அழுதார்கள். கர்ப்பிணி கடைசியாகக் கேட்ட வார்த்தை அல்லவா! என்ன பாவம், என்ன பாவனை! சுயம்புவின் நெற்றி நரம்பு புடைத்தது, நாடா குத்திய சட்டை கிழங்கு மண்ணில் சிவந்துபோனது, கால் இரண்டும் தனித்தனியாக நடுங்கின.

"எனக்குத் தாங்க முடியல்ல... அம்மா!"

"கேட்டீங்களா?" என்று வக்கீல் துள்ளினார். "தமிழில்தான் அழுதிருக்கிறாள்! இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?"

கடவம் இன்னும் ஓரங்குலம் சரிந்தது.

"அய்யோ... எண்டம்மே!"

"அதா! கேட்டில்லே?" என்று டீச்சர் விரலை நீட்டினார். "மலையாளமல்லே அது?"

பிறகு வக்கீலும் டீச்சரும் கையை ஓங்கி ஓங்கி வாதாடினார்கள். இரு தரப்பும் முழங்கியது. ஆக மொத்தம் நாற்பது கைகள் ஆகாயத்தில் ஆடின. ஒன்றுகூடக் கடவத்தின் பக்கம் வரவில்லை. கல் யாருடையது என்று கேட்டால் இரண்டு பேர். அழுகை யாருடையது என்று கேட்டால் இரண்டு பேர். சுமை யாருடையது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

எத்தனை நேரம்தான் ஒரு மனிதன் சரித்திரத்தைக் காப்பாற்றுவான்? சுயம்பு கண்ணை இறுக மூடிக்கொண்டு, தான் கட்டிய கயிற்றைத் தன் நெஞ்சாலேயே தள்ளி, குச்சிகள் படபடவென்று சாய, கடவத்தைச் சுமைதாங்கியின் மேல் போட்டார். கல் ஒன்றும் தேயவில்லை. அசையக்கூட இல்லை.

கல்லுக்குக் கீழே ரெபேக்காள் அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ராஜப்பன் ஒற்றைக் கையில் டீ கொண்டுவந்து கொடுத்தார். "குடி மக்கா. அவியளுக்கு எல்லை கிட்டினதும் வருவாவ. அதுவரைக்கும் நீ இரி."

வண்டிகள் புறப்படும்போது இரு தரப்பும் சுயம்புவுக்குக் கை கொடுத்துப் பாராட்டின. அடுத்த மாதம் இன்னும் ஆட்களைக் கூட்டி வருவதாக வக்கீல் சொன்னார். டீச்சர், தம் வாழ்நாளில் இப்படி அழுததில்லை என்றார். புழுதி அடங்கியதும் சுயம்பு கையை உருவிவிட்டுக்கொண்டே ரெபேக்காளிடம் வந்தார். கோபமாக வருகிறார் என்றுதான் ராஜப்பனும் நினைத்தார்.

"பிள்ளே... வாற ஞாயித்துக்கெழமையும் இதே நேரத்துக்கு வருவியா?"

"என்னத்துக்கு?"

"சனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. கதைக்கு நல்லா இருக்கும்."

ரெபேக்காள் டீயைக் குடித்து முடித்தாள். "வாறேன். மத்த நாளெல்லாம் கயிறு அவுந்து கெடக்கணும். எனக்கு மட்டுமில்ல, இந்த வழியே வாற எல்லாருக்கும். கெட்டி வச்சீருண்ணா நான் வரமாட்டேன். உமக்க கதையில உள்ள பெண்ணு பழையபடி பேசாமலே சாகட்டு."

"சரி, சரி. ஆனா கடவத்தில கிழங்கக் கொஞ்சம் கொறச்சுக் கொண்டு வரணும் கேட்டியா?"

"கொறைக்க மாட்டேன். கூட ரெண்டு வைப்பேன்."

ஒப்பந்தம் முடிந்தது. அன்றிலிருந்து வார நாட்களில் கயிறு சுருட்டிய பாம்புபோல ஓரமாகக் கிடக்கிறது. காரோடு ஊர்ப் பெண்கள் வரிசையாகக் கடவம் இறக்கி, ஊர் வம்பு பேசி, இளைப்பாறிப் போகிறார்கள். ஞாயிறுதோறும் சுயம்பு இருபது பேர் எதிரில் ஒரு கர்ப்பிணியின் சுமையை வாங்கி, நிஜமாகவே நடுங்கி, நிஜமாகவே அழுதார். அவர் செய்த முதல் உதவி அதுதான். பார்க்க ஆள் இருந்ததால் செய்தார் என்று ராஜப்பன் சொல்கிறார். அதனால் என்ன, சுமை இறங்கியதா இல்லையா?

இறங்கியது. போன வாரம் ரெபேக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கிவிட்டது, நல்ல குரல். அது எந்த மொழியில் அழுகிறது என்று கேட்டுப்போக இரு தரப்பிலிருந்தும் ஆள் வந்ததாகக் கேள்வி. ரெபேக்காள் இருவரையும் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னாளாம். இருவருக்கும் அவசர வேலை வந்துவிட்டதாம்.

வாசகரே, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். ஈசாக்கு சிறையில் இருக்கும் இடத்தில் உங்கள் தொண்டை அடைத்திருக்கும். ரெபேக்காள் வேலியைப் பிடித்து நின்ற இடத்தில் கண்ணில் நீர் கோத்திருக்கும். மெத்தச் சந்தோஷம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அடுக்களைப் பக்கமிருந்து யாராவது, "இந்தக் குடத்தை ஒரு கை பிடிங்களேன்" என்று கூப்பிட்டார்களா? பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "இரு, இன்னும் ஒரு பக்கம்தான்" என்று சொன்னீர்களா?

சொன்னீர்கள் என்றால் கண்ணை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். முதலில் எழுந்து போங்கள். அவள் இன்னும் குடத்தோடுதான் நிற்கிறாள்.